நிறைகோலை முதலில் பாருங்கள்

(வல்லத்தில் தமிழன்பர்கள் கூட்டிய கல்விக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



இந்த வல்லம் ஒன்றியத்தில் உழவர் வீட்டில் பிறந்த எவர்க்கும் ஒன்று நன்றாகத் தெரியும். விளைந்த நெல்லையோ மல்லாட்டையையோ வண்டியில் ஏற்றிச் செஞ்சிக்கோ திண்டிவனத்திற்கோ விற்பனைக்கூடத்திற்குக் கொண்டு சென்றால், நம் பெரியவர்கள் முதலில் விலையைக் கேட்பதில்லை, எடைக்கோலைத்தான் பார்ப்பார்கள். கோல் சாய்ந்திருந்தால் விலை எவ்வளவு உயர்ந்திருந்தும் பயனில்லை என்பது அவர்கள் பட்டறிவு. எழுதப் படிக்கத் தெரியாத கிழவரும், மூட்டை ஏறுமுன் வெறுங்கோல் நேராக நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார்.

மூட்டைக்கு இவ்வளவு விழிப்பாக இருக்கும் நாம், நம் பிள்ளைகளின் தமிழை எடைபோடும் கோலை என்றேனும் குனிந்து பார்த்திருக்கிறோமா? "என் மகள் தமிழில் 92" என்று மகிழ்கிறோம். "என் மகன் தமிழில் தவறிவிட்டான்" என்று தலைகுனிகிறோம். அந்த 92 எதை நிறுத்துக் கிடைத்தது, அந்தத் தவறு எதன் குறை என்று நாம் கேட்டதில்லை. தமிழ் பாடமாக வேண்டும், பயிற்றுமொழியாக வேண்டும், ஆட்சிமொழியாக வேண்டும் என்று அறுபது எழுபது ஆண்டுகளாக முழங்கினோம். முழங்கியது சரியே. ஆனால், தமிழைத் தேர்வு செய்யும் முறையைப் பற்றி முழங்கியவர் மிகச் சிலர். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நன்னூலார் காட்டிய கோல்

மொழித்தேர்வு பற்றி மேலைநாட்டார் இன்று பெருநூல்கள் எழுதுகின்றனர். அவற்றுள் சொல்லப்படும் முதன்மையான கருத்துகள் இரண்டு. ஒன்று, தேர்வானது தான் அளக்க வந்ததையே அளக்கிறதா என்பது. இதனை ஏற்புடைமை என்போம். மற்றொன்று, அதே விடையை வேறொருவர் திருத்தினாலும், வேறொரு நாளில் திருத்தினாலும் அதே மதிப்பெண் கிடைக்குமா என்பது. இதனை நம்பகம் என்போம்.

இவை நமக்குப் புதியனவல்ல. பவணந்தியார் 13ஆம் நூற்றாண்டில் யாத்த நன்னூலின் பொதுப்பாயிரத்தில், நல்லாசிரியனுக்கு நான்கு உவமைகள் கூறுகிறார். நிலம், மலை, நிறைகோல், மலர் என்பன அவை. நிலத்தைப் போன்ற பொறுமையும் மலையைப் போன்ற அசையாமையும் மலரைப் போன்ற இனிமையும் ஆசிரியர்க்கு வேண்டும் என்பதை எல்லாரும் மேடையில் சொல்வர். நிறைகோலை மட்டும் விரைந்து கடந்துவிடுவர். அந்தக் கோலுக்கு அவர் கூறும் பண்புகள் இரண்டு: ஐயந் தீரப் பொருளின் உண்மை எடையைக் காட்டுதல் ஒன்று, இருபக்கமும் சாயாத நடுநிலை மற்றொன்று. முன்னதை ஏற்புடைமை என்றும், பின்னதை நம்பகம் என்றும் இன்று பெயரிட்டு அழைக்கிறார்கள், அவ்வளவே. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஆசிரியனையே கோல் என்றார் நம் இலக்கண ஆசிரியர். நாமோ கோலை அச்சகத்திடமும் அலுவலகத்திடமும் ஒப்படைத்துவிட்டு வாளா இருக்கிறோம்.

நம் தமிழ்த்தாள் எதை நிறுக்கிறது?

முதற்பண்பை எடுத்துக்கொள்வோம். மொழியறிவு என்பது கேட்டல், பேசல், படித்தல், எழுதல் என்னும் நான்கும் கூடியது என்று எல்லாப் பாடத்திட்டமும் முதற்பக்கத்தில் சொல்கிறது. கடைசிப் பக்கத்தில் வரும் பத்தாம் வகுப்பு அரசுப் பொதுத்தேர்வைப் பாருங்கள். 100 மதிப்பெண், 35 பெற்றால் தேர்ச்சி, அத்தனையும் எழுத்துத் தேர்வு. அறிவியலுக்குச் செய்முறைத் தேர்வு உண்டு, தமிழுக்கு இல்லை. பத்தாண்டு தமிழ் படித்த பிள்ளை, ஒரு கூட்டத்தில் எழுந்து மூன்று மணித்துளி பிழையின்றிப் பேச வல்லதா? ஒருவர் சொல்வதைக் கேட்டு அதன் சாரத்தைத் திருப்பிச் சொல்ல வல்லதா? அந்தத் தாளுக்குத் தெரியாது. அது கேட்கவும் இல்லை.

எழுத்திலாவது எதை நிறுக்கிறது? பாடநூலில் உள்ள வினாவுக்குப் பாடநூலில் உள்ள விடையை எழுதுவதற்கே மதிப்பெண்ணில் பெரும்பகுதி போகிறது. செய்யுளை அடிபிறழாமல் எழுதுவதற்கு மதிப்பெண். எழுதிய பிள்ளைக்கு அச்செய்யுளின் பொருள் தெரியுமா என்பது வேறு செய்தி. நெட்டுருப் போடுவதை நான் பழிக்கவில்லை. செய்யுளை நெஞ்சில் நிறுத்துவது நம் முன்னோர் வழி, அது செல்வம். ஆனால், நினைவாற்றலை நிறுத்துவிட்டு அதன்மேல் 'தமிழ்' என்று சீட்டு ஒட்டுவது தவறு. நெல்லை நிறுத்துவிட்டு மல்லாட்டை என்று எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வீர்களா?

அரசுப் பணித்தேர்விலும் இதே நிலைதான். தமிழ் தெரியாதார் தமிழ்நாட்டு அரசுப்பணியில் நுழையலாகாது என்பதற்காக 2021ஆம் ஆண்டு இறுதியில் தமிழ்மொழித் தகுதித்தேர்வு கட்டாயமாக்கப்பட்டது. 40 விழுக்காடு பெறாதார் மற்றப் பகுதியில் எத்துணை உயர்ந்திருந்தாலும் பயனில்லை. இது நாம் வேண்டி நின்ற ஒன்று, வரவேற்றோம். ஆயினும் நான்காம் தொகுதிப் பணிகளுக்கு அத்தேர்வு எப்படி நடக்கிறது? 100 வினா, 150 மதிப்பெண், நான்கு விடைகளுள் ஒன்றைக் கருப்பாக்குதல். சிற்றூர் ஆட்சி அலுவலரும் இளநிலை உதவியாளரும் நாளும் செய்யும் பணி என்ன? முறையீட்டைப் படித்துப் பொருள் கொள்வதும், மக்களிடம் பேசி உண்மை அறிவதும், அறிக்கை எழுதுவதும் அல்லவா? ஒருவரி கூட எழுத வேண்டாத தேர்வில் வென்று, வாழ்நாள் முழுதும் எழுத வேண்டிய பணிக்கு ஒருவர் வருகிறார். பல்லாயிரவர் எழுதும் தேர்வை விரைந்து திருத்த வேண்டும் என்னும் கரணியத்தை நான் அறிவேன். எளிதாக நிறுக்கக் கூடியதையே நிறுப்பது, நிறுக்க வேண்டியதை நிறுப்பதாகி விடாது.

என் கையால் செய்த பிழை

பிறரைக் குறைகூறுமுன் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுத் தாளை நான் திருத்திக்கொண்டிருந்தேன். "என்னால் மறக்க முடியாத நாள்" என்று ஒரு கட்டுரை, இருபது மதிப்பெண். ஒரு பெண்பிள்ளை தன் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிய நாளை எழுதியிருந்தாள். முன்னாள் இரவு பெய்த மழையில் மண் இளகியிருந்தது. தாயும் அத்தைமாரும் வரிசையாகக் குனிந்து செடி பிடுங்கினர். வெயில் ஏறியபின் புளியமரத்து நிழலில் எல்லாரும் உட்கார்ந்து காயை ஆய்ந்தார்கள். ஆய்ந்த காயைப் படியால் அளந்து கூலி கொடுத்தார்கள். கையில் ஏறிய மண்மணம் கழுவியும் போகவில்லை என்று முடித்திருந்தாள். ஒன்றரைப் பக்கம். மேற்கோள் இல்லை, முன்னுரை முடிவுரை என்னும் தலைப்புகள் இல்லை.

நான் என்ன செய்தேன், தெரியுமா? சிவப்பு மையால் 'மல்லாட்டை'யை அடித்து 'நிலக்கடலை' என்று எழுதினேன். 'ஆய்ந்தார்கள்' என்பதை அடித்துப் 'பறித்தார்கள்' என்று எழுதினேன். உட்தலைப்பு இல்லை என்று மதிப்பெண் குறைத்தேன். இருபதுக்கு எட்டு. அடுத்த தாளில் ஒரு பையன், கடையில் விற்கும் விடைநூலிலிருந்து ஒரு கட்டுரையை அப்படியே இறக்கியிருந்தான். உட்தலைப்புகள் இருந்தன; மேற்கோள்கள் இருந்தன; அவன் மட்டும் அதில் இல்லை. அவனுக்குப் பதினேழு.

அந்தப் பெண் அறிவுள்ளவள். அடுத்த தேர்வில் அவளும் விடைநூல் கட்டுரையையே எழுதினாள், பதினாறு வாங்கினாள். அதற்குப் பின் அவள் தன் கொல்லையைப் பற்றி என்னிடம் ஒருவரியும் எழுதவில்லை.

நெடுநாள் கழித்து, வேறொரு சொல்லைத் தேடி அகராதியைப் புரட்டியபோது 'ஆய்தல்' என்னும் சொல் கண்ணில் பட்டது. பறித்தல், தெரிந்தெடுத்தல், ஆராய்தல் என்று பொருள்கள் வரிசையாக நின்றன. ஆய்வு என்று நாம் பெருமையாக எழுதுகிறோமே, அதே வேர். பழந்தமிழின் நல்லதொரு சொல்லை வல்லத்துக் கொல்லைமேட்டில் நம் தாய்மார் இன்றும் நாவில் வைத்திருக்கிறார்கள். அதனைக் கொச்சை என்று கருதி அடித்தவன், தமிழ் காக்கப் புறப்பட்ட நான். 'மல்லாட்டை'யின் கதை வேறு. மணிலாக்கொட்டை என்பதன் மருஉ அது. தென்னமெரிக்கச் செடி, மணிலா நகரின் பெயரைச் சுமந்து வந்து, நம் மக்கள் வாயில் தேய்ந்து நம்மூர்ச் சொல்லாகிவிட்டது. அதற்கு மாற்றாக நிலக்கடலையை, வேர்க்கடலையைக் கற்பிக்கலாம், கற்பிக்கத்தான் வேண்டும். ஆனால், கற்பித்தல் வேறு, மதிப்பெண்ணை வெட்டுதல் வேறு. அன்று நான் நிறுக்க வேண்டியது, தான் கண்டதைப் பிறர் காணுமாறு எழுதும் ஆற்றலை. நான் நிறுத்ததோ, என் உள்ளத்தில் இருந்த சொற்பட்டியலை.

தனித்தமிழ் அன்பர்களே, இதனை நம் கூட்டத்தில் நமக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். தூய தமிழ் நம் குறிக்கோள். அது வளர்ந்தவர்கள் தம் எழுத்தில் கடைப்பிடித்துக் காட்ட வேண்டிய ஒழுக்கம். அதனை ஒன்பது அகவைப் பிள்ளையின் தாளில் கத்தியாகப் பாய்ச்சினால், அப்பிள்ளை தமிழை விட்டே ஓடிவிடும். சொல்லாட்சியைத் தேர்வு செய்யும் வினாவில் சொல்லாட்சிக்கு மதிப்பெண் கொடுங்கள், குறையுங்கள். கருத்தை வெளியிடும் திறனைத் தேர்வு செய்யும் வினாவில் கருத்தைப் பாருங்கள். எந்த வினா எதற்கு என்று முன்னரே எழுதி வைத்துக்கொள்வதுதான் நேர்மையான கோல்.

கைக்கொரு எடை

இரண்டாம் பண்பு நம்பகம். 1912இல் அமெரிக்காவில் இசுடார்ச்சு, எலியட்டு என்னும் அறிஞர் இருவர் ஓர் ஆய்வு செய்தனர். ஒரு மாணவர் எழுதிய ஆங்கிலத் தேர்வுத்தாளைப் படியெடுத்துப் பல பள்ளிகளுக்கு அனுப்பி, ஆசிரியர்களைத் திருத்தித் தரச் சொன்னார்கள். 142 பேர் திருத்தி அனுப்பினர். ஒரே தாள், ஒருவர் 64 போட்டார், மற்றொருவர் 98 போட்டார். மொழிப்பாடமாகலின் இப்படி ஆயிற்று என்று சிலர் சொல்லவே, அவ்விருவரும் கணக்குத் தாளைக் கொண்டும் அதே ஆய்வைச் செய்தனர். வேறுபாடு அங்கு இன்னும் பெரிதாக இருந்தது.

விடைத்தாள் திருத்தும் நடுவத்தில் அமர்ந்த ஆசிரியர்க்கு இது வியப்பாக இராது. காலையில் கை தாராளமாக இருக்கும், மாலையில் இறுகும். நல்ல தாளை அடுத்து வரும் நடுத்தரத் தாள் மட்டமாகத் தெரியும். மட்டமான தாளை அடுத்து வந்தால் அதே தாள் உயர்ந்து தெரியும். அழகான கையெழுத்து இரண்டு மதிப்பெண்ணைத் தானே எழுதிக்கொள்ளும். இது யாருடைய நேர்மைக் குறைவுமன்று. மாந்தக் கண்ணின் இயல்பு. இயல்பென்று அறிந்தபின் அதற்குக் காப்புச் செய்ய வேண்டும். கட்டுரைக்கு எதற்கு எத்தனை மதிப்பெண் என்று பகுத்து எழுதிய அளவுகோல் ஒன்று. திருத்தத் தொடங்குமுன் எல்லாரும் சேர்ந்து ஐந்தாறு தாளைத் திருத்தி ஒத்துப்பார்த்தல் ஒன்று. கட்டுரையை இருவர் தனித்தனியே மதிப்பிட்டு, வேறுபாடு மிகுந்தால் மூன்றாமவரிடம் கொடுத்தல் ஒன்று. மூன்றும் எளியனவே.

கோல் ஒரு பக்கம் சாய்ந்தால்

நடுநிலை தவறிய கோல் ஒரு மாணவனை மட்டுமன்றி ஓர் இனத்தையே வீழ்த்தும் என்பதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டா. கடலுக்கு அப்பால் ஈழத்தைப் பாருங்கள். 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. அதன்பின் தமிழ் அரசு ஊழியர், சிங்கள மொழித் தேர்வில் தேறினாலன்றி ஊதிய உயர்வில்லை, பணியில் நிலைப்பில்லை என்னும் நிலைக்கு ஆளாயினர். அவர்கள் பணியில் திறமை குன்றியவர் அல்லர். மொழித்தேர்வு அங்கே வெளியேற்றும் வாயிலாக நின்றது.

அடுத்து, 1971இல் பல்கலைக்கழகச் சேர்க்கையில் 'தரப்படுத்துதல்' வந்தது. மருத்துவப் படிப்புக்குத் தமிழ்வழி எழுதிய மாணவர் 400க்கு 250 பெற வேண்டும். சிங்களவழி எழுதியவர் 229 பெற்றால் போதும். ஒரே தேர்வு, இரண்டு கோல்கள். அந்த 21 மதிப்பெண் வேறுபாடு ஒரு தலைமுறை இளைஞரின் உள்ளத்தில் மூட்டிய நெருப்பு எப்படிப் பரவியது என்பதை உலகம் அறியும். 1983 கொலைநாள்களில், வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்லி, அதன் முதலெழுத்தை ஒலித்த வகையால் தமிழரைப் பிரித்தறிந்து தாக்கினார்கள். ஒரு சொல்லே தேர்வாகி, உயிரே மதிப்பெண்ணாகிய கொடுமை அது.

நம் நாட்டிலும் ஒன்று நடந்தது. 2018இல் நடந்த மருத்துவ நுழைவுத்தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. ஒரு விலங்கின் பெயருக்குத் தமிழ்ச்சொல் இடாமல், ஆங்கில ஒலியையே 'சீத்தா' என்று அச்சிட்டிருந்தனர். நம்மூர்ப் பிள்ளைக்குச் சீத்தா என்றால் பழம் அல்லவா நினைவுக்கு வரும்! உயர் முறைமன்றத்தின் மதுரைக் கிளை, வினாவுக்கு நான்காக 196 மதிப்பெண் வழங்குமாறு 10.7.2018இல் தீர்ப்பளித்தது. உச்ச முறைமன்றம் அதனை நிறுத்தி வைத்து, அவ்வாண்டே தள்ளியும் விட்டது. சட்ட வழக்கு முடிந்தது. கோலின் வழக்கு முடியவில்லை. உயிரியல் அறிவை நிறுக்க வைத்த கோல், மொழிபெயர்த்தவரின் தமிழறிவுக் குறையை மாணவர் தலையில் நிறுத்தது. இதற்கு அஞ்சித் தமிழ்வழியை விட்டு ஓடுவது தீர்வாகாது. தமிழில் வினா எழுதத் தெரிந்தவர் தமிழிலேயே எழுத வேண்டும் என்று கேட்பதே தீர்வு.

தேர்வு எப்படியோ, படிப்பும் அப்படியே

மூன்றாவது கருத்து ஒன்று உண்டு. வயலில் மடை திறந்தால் நீர் முன்னோக்கி ஓடும். தேர்வின் தாக்கமோ பின்னோக்கி ஓடும். ஆண்டு முடிவில் எது கேட்கப்படுமோ, அதுவே ஆண்டு முழுதும் கற்பிக்கப்படும். இதனைப் பின்தாக்கம் என்கிறார்கள். சீன நாட்டில் அரசுப்பணிக்கான தேர்வுகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நடந்தன. பிற்காலத்தில் கட்டுரையை எட்டு உறுப்பாக, வகுத்த முறைப்படியே எழுத வேண்டும் என்று கட்டுப்பாடு வந்தது. நாட்டின் சிறந்த அறிவெல்லாம் அந்த எட்டு உறுப்பை நிரப்பவே செலவாயிற்று. 1905இல் அத்தேர்வையே ஒழித்தார்கள்.

நம் வகுப்பறைகளிலும் எட்டு உறுப்பு உண்டு. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை வினா என்று கணக்கிட்டு, எஞ்சிய பாடங்களை விட்டுவிடும் பயிற்சி உண்டு. பேச்சுக்கு மதிப்பெண் இல்லையாதலின் பேச்சு கற்பிக்கப்படுவதில்லை. நூலகத்தில் ஒரு நூலை எடுத்துப் படித்ததற்கு மதிப்பெண் இல்லையாதலின் நூலகக் கதவு பூட்டியே கிடக்கிறது. கோலை மாற்றுங்கள், கற்பிக்கும் முறை தானே மாறும். சொந்த நடையில் எழுதியதற்குப் பாதி மதிப்பெண் என்று ஒரே ஓர் ஆணை வந்தால், விடைநூல் கடைகள் எத்தனை நாள் நிற்கும்?

களத்து எடையும் கழனிப் பார்வையும்

எல்லா மதிப்பீடும் ஒருவகையன்று. அறுவடை முடிந்து களத்தில் நிறுப்பது ஒன்று. பயிர் நிற்கும்போதே கழனிக்குள் இறங்கி இலையைப் புரட்டிப் பார்ப்பது மற்றொன்று. முன்னதைத் தொகுத்தறி மதிப்பீடு என்றும், பின்னதை வளரறி மதிப்பீடு என்றும் நம் கல்வித்துறை பெயரிட்டது. நல்ல தமிழ்ப் பெயர்கள். 2012-13இல் முப்பருவ முறையோடு எட்டாம் வகுப்பு வரை இம்முறை வந்தது. வளரறிக்கு 40, தொகுத்தறிக்கு 60.

கருத்து உயர்ந்தது. ஆனால், வளரறி மதிப்பீட்டின் உயிர் மதிப்பெண்ணில் இல்லை. இலை பழுத்திருக்கிறது என்று கண்ட உழவன், அதற்கு மதிப்பெண் போட்டுவிட்டு வீடு திரும்புவதில்லை. உரமிடுகிறான், நீர் பாய்ச்சுகிறான். பல பள்ளிகளிலோ அந்த 40, பதிவேட்டை நிரப்பும் வேலையாயிற்று. பிள்ளைக்கு எதில் குறை என்று கண்டு அன்றே சீர்செய்வதாக இல்லை. பழியை ஆசிரியர்மேல் மட்டும் போடாதீர்கள். ஐந்து வகுப்பை இருவர் பார்க்கும் பள்ளியில், பதிவேட்டு வேலை மிகுந்தால் பிள்ளைக்கு நேரம் ஏது?

பெருந்தொற்றில் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபின், குறையறிதல் எத்துணை இன்றியமையாதது என்பது எல்லார்க்கும் புரிந்தது. இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 27.10.2021இல் தொடங்கப்பட்டது நம் விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில்தான். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அகவையால் மட்டும் பாராமல் கற்றல் நிலையால் அரும்பு, மொட்டு, மலர் என்று பகுத்தது. எழுத்தறியாத பிள்ளைக்கு எழுத்து. எழுத்தறிந்த பிள்ளைக்குச் சொல். சொல்லறிந்த பிள்ளைக்குத் தொடர். பிள்ளை நிற்கும் படியை அறிந்து அடுத்த படியைக் காட்டுவதே மதிப்பீட்டின் பயன். அரும்பு என்பது இழிவுப் பெயராகி, ஒரு பிள்ளையின் நெற்றியில் ஒட்டிக்கொள்ளாமல் காப்பது மட்டும் நம் கடமை.

தவறியவர் யார்?

தமிழ் கற்றல் சட்டம் 2006இல் வந்தது. ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கொரு வகுப்பாக ஏறி, 2015-16இல் பத்தாம் வகுப்பை எட்டியது. 2022இல் பத்தாம் வகுப்புத் தேர்வில் 47,000க்கும் மேற்பட்டோர் தமிழில் தவறினர். 13.3.2023இல் பன்னிரண்டாம் வகுப்பின் முதல்நாள் மொழித்தாளுக்கே 50,000க்கும் மேற்பட்டோர் வரவில்லை. தமிழ்நாட்டில் தமிழில் தோல்வியா என்று நாம் எல்லாரும் பதைத்தோம். அறிக்கை விட்டோம்.

நான் கேட்கிறேன்: அந்த 47,000 பேரில் எழுத்துக் கூட்டிப் படிக்கவே தெரியாதவர் எத்தனை பேர்? படிக்கத் தெரிந்தும் எழுத வராதவர் எத்தனை பேர்? இரண்டும் தெரிந்தும் பாடநூல் விடையை நெட்டுருப் போடாதவர் எத்தனை பேர்? செங்கற்சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பெற்றோரோடு சென்று, பள்ளியையே காணாதவர் எத்தனை பேர்? நால்வர்க்கும் மருந்து வேறு வேறு. 35க்குக் கீழ் என்னும் ஒற்றை எண், நால்வரையும் ஒரே குழியில் தள்ளி மூடிவிடுகிறது. நோயின் பெயர் சொல்லாமல் "இறந்தார்" என்று மட்டும் எழுதும் மருத்துவரை யாரேனும் மதிப்பார்களா?

இதனால் தேர்வே வேண்டா என்று நான் சொல்லவில்லை. 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச்சங்கம் நிறுவியபோது, சங்கமே பண்டிதத் தேர்வுகளை நடத்தியது. ஆங்கிலம் படித்தவர்க்கே மதிப்பு இருந்த காலத்தில், தமிழ் படித்தவர்க்குத் தமிழரே வழங்கிய தகுதி அது. மொழிஞாயிறு பாவாணரும் 1924இல் அத்தேர்வு எழுதித் தேறியவரே. நல்ல தேர்வு ஒரு மொழியைத் தூக்கி நிறுத்தும். கோலை உடைக்க வேண்டா; நேராக்குவோம்.

நாம் செய்யத்தக்கன

அரசிடம் கேட்க வேண்டியவை உள. பத்தாம் வகுப்புத் தமிழுக்குப் பேச்சும் கேட்டலும் கொண்ட செய்முறைத் தேர்வு வேண்டும். பாடநூலில் இல்லாத பகுதியைக் கொடுத்துப் படித்துணரச் செய்யும் வினாக்கள் மிகுதியாக வேண்டும். கட்டுரைக்கு வெளிப்படையான அளவுகோலும் இருவர் திருத்தமும் வேண்டும். தவறியவர்க்கு வெறும் எண்ணைக் கொடாமல், எத்திறனில் குறை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பணித்தேர்வில் ஒரு மடலாவது ஓர் அறிக்கையாவது எழுதச் செய்ய வேண்டும்.

ஆனால், ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டா. இந்த ஒன்றியத்துச் சிற்றூர்களில், மாலையில் ஒரு மணிநேரம் ஒதுக்கக் கூடிய தமிழன்பர் ஊருக்கு இருவர் கிடைக்க மாட்டார்களா? ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அருகில் அமர்த்தி, ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிழை பிடிக்கக் கேளாதீர்கள். எங்கே தடுக்குகிறது என்று அறியக் கேளுங்கள். எழுத்திலா, சொல்லிலா, பொருளிலா என்று ஒரு தாளில் குறியுங்கள். ஒரு திங்கள் கழித்து மீண்டும் கேளுங்கள். அன்று படித்ததை அப்பிள்ளையின் தம்பிக்கோ பாட்டிக்கோ சொல்லிக் காட்டச் செய்யுங்கள். இதுவும் நன்னூலார் சொன்னதே. ஆசிரியர் சொல்வதை நன்றாகக் கேட்டாலும் கால்பங்கே வரும். உடன் கற்பாரோடு பழகுவதால் மற்றொரு கால்பங்கு. பிறர்க்கு எடுத்துரைப்பதால்தான் எஞ்சிய அரைப்பங்கும் நிறையும் என்கிறார் அவர். நம் தேர்வுகளோ அந்த முதற்கால்பங்கை மட்டுமே நிறுத்துவிட்டு, முழுமூட்டையின் எடை இதுவே என்று அறிவிக்கின்றன.

ஆசிரிய நண்பர்களே, சிவப்பு எழுதுகோலைத் திறக்குமுன் ஒருநொடி நிறுத்துங்கள். இந்த வினாவில் நான் எதை நிறுக்க வந்தேன் என்று உங்களையே கேளுங்கள். அந்த ஒருநொடி அன்று எனக்குக் கிடைத்திருந்தால், தன் கொல்லையைத் தமிழில் எழுதிய ஒரு பெண்ணை நான் இழந்திருக்க மாட்டேன். அவள் இன்று எங்கோ தன் பிள்ளைகளோடு இருப்பாள். அவள் பிள்ளையின் தாள் நாளை உங்கள் மேசைக்கு வரக்கூடும். அதில் 'ஆய்ந்தோம்' என்று ஒரு சொல் இருந்தால், அதன் அருகில் ஒரு சிறு சரிக்குறி போடுங்கள்.